பறி நழுவிய கன்னியம்மா

கிராம நர்ஸ் வேலையில் ஊசி போடுவது சுலபம். நோயாளி பொய் சொல்லவில்லை என்று டாக்டரை நம்பவைப்பதுதான் கஷ்டம். அதில் அவதிப்பட்ட சக நர்சுகளுக்குச் சொல்கிறேன்.

வாயை முகர்ந்தேன்

எழுபதுகளின் கடைசியில் பழவேற்காட்டில் இருந்தேன். கன்னியம்மா ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவள். இரண்டு கையும் சேற்றில் இருக்கும். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். காலையில் நன்றாகக் கடிப்பாள். வெயில் ஏற ஏறத் தாடை தளர்ந்து பறி நழுவிவிடும். இமை தொங்கும், பேச்சு குழறும். குடித்திருக்கிறாள் என்று கூட இறங்கும் பெண்கள் அவளைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் அவள் வாயை முகர்ந்து பார்த்தேன். "மோந்து பாத்தியே நர்சம்மா, இன்னா வாசன வந்துச்சினு நீயே சொல்லு" என்றாள்.

பன்னிரண்டு மணி பஸ்

எங்கள் டாக்டர் ஒன்பதுக்கு வந்து பன்னிரண்டு மணி பஸ்ஸில் போய்விடுவார். மூன்று முறை அவளைக் காலையில் காட்டினேன். ராத்திரி தூங்கி எழுந்த உடம்பு. கண்ணைத் திற என்றால் திறந்தாள், கையை அழுத்து என்றால் அவர் கையை உதறிக்கொள்ளும்படி அழுத்தினாள். மூன்று முறையும் சிவப்பு டானிக்தான். மத்தியானம் ஒருதரம் பாருங்கள் என்று கெஞ்சினேன். கம்பவுண்டரை வைத்துக்கொண்டே டாக்டர் சொன்னார்: "மத்தியானம் மட்டும் வர்ற வியாதிக்குப் பேரு சோம்பேறித்தனம், சிஸ்டர்."



முறுக்கு வைத்தியம்

லீவு போட்டு அவளை மெட்ராஸுக்கு பஸ் ஏற்றினேன். அங்கேயும் காலையில்தான் பார்ப்பார்கள் என்பதால், வழியெல்லாம் முறுக்கைக் கடிக்கச் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டுதான் இறங்கினாள். நரம்புப் பிரிவில் இருந்த டாக்டரம்மா அந்தக் கையைப் பார்த்த உடனே ஒரு ஊசி போடச் சொன்னார். சற்று நேரத்தில் தொங்கிய இமை மேலே ஏறியது. நான் அழுதுவிட்டேன்.

மயஸ்தீனியா என்றார், வேலை செய்யச் செய்யத் தசை தளர்ந்துபோகும் வியாதி. நரம்பு சொல்வதைத் தசை வாங்கிக்கொள்ள நுண்ணிய வாசல்கள் உண்டாம்; உடம்பைக் காக்கும் படையே எதிரி என்று நினைத்து அந்த வாசல்களை அழிக்கிறதாம். கன்னியம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஊருதான் என்னிய நம்பல. என் ஒடம்புமா?"

மெட்ராஸ் சீட்டு

மாத்திரை போட்டுக்கொண்டு அவள் மறுபடி ஏரியில் இறங்கினாள். கூட்டத்துப் பெண்களே வந்து கூப்பிட்டுப் போனார்கள். வியாதியின் பேர் எழுதிய மெட்ராஸ் ஆஸ்பத்திரிச் சீட்டை எங்கள் டாக்டர் மேஜையில் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிப்பார் என்று நின்றுகொண்டே இருந்தேன்.

"இவ்ளோ பெரிய வியாதியை வச்சிக்கிட்டு ஏன் முன்னாடியே வரலைனு கேளுங்க, சிஸ்டர்."

நோயாளி எப்போது வந்தாலும் லேட்டு, டாக்டர் எப்போது போனாலும் சரியான நேரம் என்பதுதான் என் உத்தியோகத்தில் நான் கற்ற வைத்தியம்.