றோசாவும் வைடயும் என்னிடம் பட்ட பாடு

றோசாக் கன்று விற்கிற தொழிலில் பூவெல்லாம் வாங்குகிறவருக்கு, முள்ளெல்லாம் விற்கிறவனுக்கு. எண்பதுகளில் ஜேர்மனிக்கு ஓடிவந்து கோப்பை கழுவிய, பேப்பர் போட்ட, கக்கூஸ் துடைத்த என் சக பாவிகளே, உங்கள் கதைகளையெல்லாம் நான் பொறுமையாகக் கேட்டிருக்கிறேன். ஹம்பேர்க்குக்குப் பக்கத்தில் ஒரு நாற்றுத் தோட்டத்தில் நான் குனிந்து நின்ற வருடங்களின் கதையை இப்போது நீங்கள் கேட்கவேண்டும்.

பள்ளிக்கூடம்

வேலை செய்ய அனுமதி கிடைத்த கையோடு, வேலை அலுவலகத்துப் பெண் ஒரு துண்டில் முகவரி எழுதித் தந்தாள். அதில் 'பவும்ஷூல' என்று இருந்தது. அகராதியைப் புரட்டினேன். 'பவும்' என்றால் மரம், 'ஷூல' என்றால் பள்ளிக்கூடம். சரி, மரவேலை படிப்பிக்கிற இடம் என்று முடிவு கட்டினேன். ஊரில் ஏ.எல். சோதனையை இரண்டு தரம் எழுதிக் கோட்டை விட்டவன் நான். மூன்றாம் தரம் படிக்க ஜேர்மன் அரசாங்கமே கூப்பிடுகிறது என்று நெஞ்சு நிறைந்துவிட்டது.

வெள்ளைச் சேட்டு, கழுத்தில் இரவல் ரை, புதுக் கொப்பி, இரண்டு பேனையோடு காலை ஏழு மணிக்குப் போய் நின்றேன். கண்ணுக்கெட்டிய தூரம் சேறும் செடியும்தான்; நாற்றுத் தோட்டத்துக்கு ஜேர்மன்காரர் வைத்த பெயராம் அது. றப்பர் பூட்ஸ் போட்ட மேற்பார்வையாளர் யூர்கன் என் ரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எந்த வகுப்பு என்று கேட்டேன். அவர் என் கையிலிருந்த கொப்பியை வாங்கி வைத்துவிட்டு, ஒரு மண்வெட்டியைத் தந்தார்.

"இஞ்சை படிக்கிறது மரங்கள். நீ கிடங்கு வெட்டு."

சுகம் விசாரித்தவர்

அங்கே எனக்கு அது முதல் நவம்பர் மாதம். இரண்டு ஜக்கெற்றும் மூன்று சோடிக் காலுறையும் போட்டுக்கொண்டு பற்றை றோசா வரிசைக்குள் குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். வாங்குவதற்கு ஒரு றோசாக் கன்றைத் தூக்கிக்கொண்டு வந்த மனிதர் என்னைப் பார்த்து, "வின்டர்ஹார்ட்?" என்று கேட்டார். 'வின்டர்' தெரியும், 'ஹார்ட்' என்றால் கடுமை என்பதும் தெரியும். இந்த நாட்டில் என் குளிரை விசாரிக்கவும் ஒருவர் இருக்கிறாரே என்று கண் கலங்கிவிட்டது. "ஓம், சரியான கடுமை. போன வருசம் சாகிற நிலைதான்" என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் கொட்டித் தீர்த்தேன். அவர் கன்றை மெதுவாக இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். செடி பனியைத் தாங்குமா என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

யூர்கன்தான் சொன்னார்: "அவர் கேட்டது றோசாவை. அது மைனஸ் இருபத்தைஞ்சிலையும் நிக்கும். உன்ரை சுகத்தை ஒருத்தரும் விசாரிக்கேல்லை."

நிமிர்த்தியது

கிரிக்கெட் மட்டை செய்வார்களே வில்லோ, அதை ஜேர்மன்காரர் 'வைட' என்பார்கள். அழகுக்கு வளர்க்கிற வைடயில் ஒரு சாதி இருக்கிறது. கொப்பெல்லாம் முறுக்குப் பிழிந்தது போல நெளிந்து நிற்கும். அது அந்தச் சாதியின் குணம் என்று தெரியாமல், ஏதோ நோய் என்று இரக்கப்பட்டு, ஒரு முழுக் காலையும் செலவழித்து ஒவ்வொரு கொப்பையும் மூங்கில் தடியோடு வரிந்து கட்டி நிமிர்த்தினேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். முதலில் வந்தது, அந்த மரத்துக்கென்றே பஸ் ஏறி வந்த ஒரு கிழவி. கட்டுகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்:

"இந்தப் பிள்ளையள் என்ன குற்றம் செய்தவை?"

கதியால்

றோசா வரிசைகளுக்குப் பெயர்ப்பலகை கட்டத் தடி வேண்டும். குளிர்காலம் முடிகிற நேரம், வெட்டிக் குவித்திருந்த வைடக் கொப்புகளை இனாமாகக் கிடைத்த தடி என்று எடுத்து வரிசை வரிசையாகக் குத்தினேன். சித்திரையில் தடிகளெல்லாம் துளிர்த்தன. வைகாசியில் றோசாவைத் தேடித்தான் பார்க்கவேண்டியிருந்தது. வேரும் நன்றாய்ப் பிடித்துவிட்டது. என்னோடு வேலை செய்த மன்னார்ப் பொடியன் அன்ரனும் நானும் மூன்று நாள் நின்று பிடுங்கினோம். பூவரசங் கதியால் நட்டு வேலி அடைக்கிற ஊரில் பிறந்தவன் நான். குத்திய தடி முளைக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்ரன் முதுகை நிமிர்த்திக்கொண்டு கேட்டான்:

"அண்ணை, உண்மையா நீங்கள் யாழ்ப்பாணம்தானோ? இல்லாட்டி அகதிக் கேஸிலை சும்மா எழுதினனியளோ?"

ஆறு மாதம்

ஒரு வருடம் போனதும் நான் றோசாப் பேராசிரியர் ஆகிவிட்டேன். கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர் ஒருவர் பழைய சாதிப் பற்றை றோசா இரண்டு வாங்கி, எப்படி வெட்டுவது என்று கேட்டார். "ஒவ்வொரு மார்ச்சும் முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கோ. இரக்கம் பாக்கக்கூடாது" என்றேன். யூர்கன் அன்று லீவு.

இரண்டு வருடம் கழிந்து ஒரு ஜனவரி. என் கேஸ் முதல் தரம் தள்ளுபடியாகியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிநாட்டார் அலுவலகத்துக்குப் போய் விசாவில் முத்திரை வாங்கவேண்டும். திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று சனம் கதைத்த காலம். அன்று எனக்கு டெர்மின், அவர்கள் குறித்துத் தந்த நாள். என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனேன். மேசைக்குப் பின்னால் புது அதிகாரி, என்னிடம் றோசா வாங்கிய அதே கண்ணாடிக்காரர். அவர் என் ஃபைலைத் திறக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ரெண்டு வருசமா ஒரு பூவும் இல்லை" என்றார்.

அந்தச் சாதி போன வருடத்துக் கொப்பில்தான் பூக்கும் என்று அதற்குள் நான் படித்திருந்தேன். அவர் வருடா வருடம் வெட்டி எறிந்தது பூவைத்தான். உங்கள் மண் சரியில்லை என்று சொல்லித் தப்பலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. பிறகு, இந்த மேசைக்கு முன்னால் ஒரு உண்மையாவது மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் சொல்லுவோம் என்று தோன்றியது.

"பிழை என்ரை. நான் தெரியாமல் சொல்லிப்போட்டன். இனி வெட்டாதேங்கோ, அது பூக்கும்" என்றேன்.

அவர் என் ஃபைலைத் திறந்தார். பிறகு முத்திரையை எடுத்தார்.

"இந்தமுறை ஆறு மாதம் எழுதுறன். ஜூனிலை பூக்கேல்லையெண்டா, உங்களை எங்கை தேடுறதெண்டு எனக்குத் தெரிஞ்சிருக்கவேணும்."

அந்தத் தோட்டத்தில் அத்தனை செடிகள் பிழைத்தது நான் பார்த்துப் பார்த்து வளர்த்ததால் அல்ல, நான் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரங்களால்தான் என்பதை இன்று உங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.