அழாத பிள்ளை

அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி. என் வீட்டுக்காரருக்குக் காட்டிலாகாவில் வேலை. கொல்லிமலையில் வாழவந்தி நாடு என்கிற பகுதியில் எங்களுக்கு ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள். கைக்குழந்தையோடு மலை ஏறிய எனக்கு, உத்தியோகஸ்தர் பெண்டாட்டி என்கிற மிதப்பு வேறு. பையனோ ராப்பகலாக அழுவான். வீட்டு வேலைக்கு வந்த மலைக்காரப் பெண்ணுக்கும் கைக்குழந்தைதான். இரண்டு மாதப் பெண். கூடையில் போட்டால் போட்டபடி கிடக்கும். பசிக்குக்கூட அழாது. “உம் புள்ளய எனக்குக் குடுத்துட்டு எம் புள்ளய நீ எடுத்துக்க” என்று கேலி பேசுவேன். அவள் சிரிக்க மாட்டாள்.

பையனைக் காட்ட ஒருநாள் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். எனக்கு டோலி, தூக்க நான்கு ஆட்கள். அவள் வாசலில் வந்து நின்றாள்.

“ஏனுங்கம்மா, நானும் கூடவே நடந்து வாரனுங்க. புள்ள பாலே சரியாக் குடிக்கறதில்லீங்க. எழுப்பி எழுப்பிக் குடுக்க வேண்டியிருக்குது. டாக்டருகிட்ட ஒருக்காக் காட்டிப்போடலாமுங்க.”

அவள் கழுத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கழலை. அந்த ஊர்ப் பெண்கள் பலருக்கும் இருந்ததால் எனக்கு அது கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது.

“தூங்கற புள்ளய யாராச்சும் ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போவாங்களா? நீ குடுத்து வெச்சவ” என்றேன். அவளும் வந்துவிட்டால் மாட்டை யார் கறப்பது என்பதுதான் என் கவலை.

டாக்டர் பையனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா அழறான், நல்லா இருக்கான்” என்றார். மலையிலிருந்து வருகிறேன் என்றதும் உட்காரவைத்து விவரம் சொன்னார். மலை மண்ணில் அயோடின் சத்து குறைவாம். அது பற்றாமல் போனால் தாய்க்குக் கழுத்து வீங்கும். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் பற்றாது. பிறந்த பிள்ளை அழாது, பால் குடிக்காது, தூங்கிக்கொண்டே இருக்கும். மூளை வளராது.

“அப்படி ஏதாவது குழந்தை இருந்தா உடனே கொண்டுவரச் சொல்லுங்கம்மா. மாத்திரை இருக்கு. சீக்கிரம் ஆரம்பிச்சாத் தேத்திடலாம்.”

கூடையில் போட்டபடி கிடக்கும் அந்தப் பிள்ளை என் கண்முன் வந்தது. சரிங்க என்றேன்.

திரும்பி வந்து அவளைப் பார்த்தேன். சொன்னால், ‘நான் அன்னைக்கே கேட்டனுங்களே’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள். வேலைக்காரியிடம் அந்த வார்த்தையைக் கேட்க எனக்கு மனமில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது. இந்த மழையில் எப்படிப் போவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மழை விட்டும் சொல்லவில்லை. என் பையன் தவழ்ந்தான், எழுந்து நின்றான். அவள் பெண்ணுக்குத் தலையே நிற்கவில்லை. நாக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

கடைசியில் தாங்க முடியாமல் சொன்னேன். அதையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. நேற்று வந்த ஒருவர் சொல்லித்தான் தெரியும் என்று புளுகினேன். அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். ஆஸ்பத்திரியில் அப்போது வேறு டாக்டர். மாத்திரை கொடுத்தாராம். உடம்பு கொஞ்சம் தேறும், புத்தி தேறாது, காலம் கடந்துவிட்டது என்றாராம்.

மலையேறி வந்தவள் நேராக என்னிடம்தான் வந்தாள். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

“இத்தன பேரு இருந்தும் ஒருத்தரும் சொல்லலீங்க. நீங்க ஒருத்தருதானுங்க சொன்னீங்க. உங்க புள்ள நல்லா இருக்கோணும் சாமி” என்றாள்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டி அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டேன்.