கரும்பா, வாழையா

அவன் மேல் எனக்கு இருந்தது சாதாரணப் பொறாமை இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது, அந்த அளவுக்கு. மாயவரத்தை அடுத்த குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவனுடைய அப்பா எங்கள் பண்ணையில் ஏர் ஓட்டியவர். அவனும் நானும் மதராஸில் ஒரே வகுப்பில் மனோதத்துவம் எம்.ஏ. படித்தோம். கழக ஆட்சி கொடுத்த உதவித்தொகையில் அவன் வந்தான், நெல் விற்ற பணத்தில் நான் வந்தேன். முதல் இடம் அவனுக்கு, இரண்டாவது எனக்கு. இரண்டு வருஷமும் இதேதான். லீவுக்கு ஊருக்குப் போனால் அப்பா, "எப்படிடா, நம்ம ஆளு மவன் உனக்கு மேல வர்றான்?" என்பார். நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவேன்.

படிப்பு முடிகிற சமயத்தில் எங்கள் பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. ஒன்றே ஒன்று. கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஒரு படத்தைக் காட்டினால், பார்த்தோம் என்றே தெரியாமல் மனசு அதை வாங்கிக்கொள்ளுமா? இதுதான் அவருடைய கேள்வி. வெளிநாட்டில் சினிமாக் கொட்டகைகளில் இப்படிச் செய்து பண்டம் விற்கிறார்கள் என்று அப்போது ஒரு பேச்சு அடிபட்டது. அவருக்கு அதில் நம்பிக்கை கிடையாது, ஆசை மட்டும் நிறைய இருந்தது. "ரெண்டு பேரும் ஊருக்குப் போய்ச் செஞ்சு பாருங்க. யார் வேலை நல்லா இருக்கோ, அவங்களுக்கு இடம்" என்று சொல்லி ஆளுக்கொரு மரப்பெட்டியைக் கொடுத்தார்.

பெட்டிக்குள் ஒரு விளக்கு, முன்னால் பழைய காமிராவிலிருந்து எடுத்த, கண் இமைக்குமுன் திறந்து மூடுகிற மூடி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஆகட்டும் என்று வார்த்தைக்குப் பதில் படம். ஒரு தகட்டில் கரும்பு, இன்னொன்றில் வாழை. பொத்தானை அழுத்தினால் ஒரு மின்னல்தான் தெரியும். பிறகு மேஜை மேல் இருக்கும் இரண்டு பெரிய படங்களில், உள்ளே இருந்தது எது என்று தோன்றுகிறதோ அதைத் தொட வேண்டும். வெறும் ஊகம் என்றால் பாதி சரி, பாதி தப்பு என்று வரும். அதற்கு மேல் வந்தால் மனசு வாங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

நாங்கள் போன நேரம், ஊரில் கூலிச் சண்டை அப்போதுதான் அடங்கியிருந்தது. எங்கள் வயலில் ஒரு மாசம் சிவப்புக் கொடி நின்றது. தாலுகா ஆபீஸில் உட்கார்ந்து பேசி, கூலி நெல்லை அரை மரக்கால் ஏற்றிய பிறகுதான் அரிவாள் வயலில் இறங்கியது. உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து அப்பா பாதி நிலத்தை அத்தை பேரிலும் சித்தப்பா பேரிலும் எழுதி வைத்திருந்தது ஊருக்கே தெரியும். தெரியும் என்று எங்களுக்கும் தெரியும்.

எங்கள் நெல் கிடங்கு அரையிருட்டாக இருந்ததால் பெட்டியை அங்கே வைத்தேன். காரியஸ்தர் ஆட்களை ஒவ்வொருவராக அனுப்பினார். தகட்டை நானே பார்த்துச் செருகிவிட்டு மேஜைக்கு எதிரே நின்றுகொண்டேன். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். ஸ்டூலில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, குனிந்தே பெட்டிக்குள் பார்த்தார்கள்.

"என்ன தெரிஞ்சுது?"

"வெளிச்சந்தான் தெரிஞ்சுது சின்னய்யா."

"பரவால்ல. எதுன்னு தோணுதோ அதைத் தொடு."

என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். கை மெதுவாகப் போகும், நடுவில் கொஞ்சம் தயங்கும், பிறகு சரியான படத்தில் இறங்கும். ஒருவர் இரண்டு பேர் அல்ல, அநேகமாக எல்லோருமே. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அவன் தன் தெருவில் இருந்த கூலியாட்கள் சங்கக் கொட்டகையில் பெட்டியை வைத்திருந்தான். பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது, "எனக்கு ஒண்ணுமே வரலீங்க. சரிபாதிதான் வருது" என்றான். ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டேன். அன்றைக்கு மத்தியானம் இரண்டு கை சோறு கூடவே சாப்பிட்டேன்.

மதராஸில் பேராசிரியர் என் முடிவைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அவன் என் தாள்களைப் பொறுமையாகப் படித்தான். "இவங்க செஞ்ச எடத்துலயே இன்னொரு தடவ செஞ்சு பாக்கலாமா சார்?" என்றான். பொறாமை அவனையும் பிடித்துவிட்டது என்று நினைத்து உள்ளுக்குள் குளிர்ந்து போனேன். மூவரும் மாயவரம் வரை ரயிலிலும், அங்கிருந்து பஸ்ஸிலுமாக ஊருக்கு வந்தோம்.

அதே கிடங்கு, அதே ஆட்கள். பெட்டிப் பக்கம் அவன் நின்றுகொண்டான். தகடுகளை ஒரு மஞ்சள் பைக்குள் போட்டுக் குலுக்கி, எது வருகிறது என்று பார்க்காமலே எடுத்துச் செருகினான். என்னை மூட்டை அடுக்குக்குப் பின்னால் நிற்கச் சொன்னான். முதலில் வந்தவர் அவனுடைய அப்பா. பெட்டிக்குள் பார்த்தார். கையை நீட்டினார். கை அந்தரத்திலேயே நின்றது.

"சின்னய்யா எங்கடா?" என்று மகனிடம் கேட்டார்.

அதற்குப் பிறகு வந்தவர்களும் திரும்பித் திரும்பி என்னைத்தான் தேடினார்கள். முடிவு சரிபாதி. பிறகு என்னைப் பழைய இடத்தில் நிற்கவைத்து, தகட்டை என் கையிலேயே கொடுத்தான். மறுபடி எல்லோரும் சரியாகத் தொட்டார்கள்.

"கை தப்பான படத்துக்குப் போனா இவங்க புருவம் சுருங்குது சார். இவங்களுக்கே அது தெரியாது" என்று என்னைக் காட்டிச் சொன்னான்.

"உனக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?" என்றார் பேராசிரியர்.

"எங்கப்பா அப்படித்தான் சார் பொழைச்சாரு. பெரியய்யா வாசலுக்கு வர்றப்பவே மூஞ்சியப் பாத்து, இன்னிக்கி நெல்லு கேக்கலாமா கூடாதான்னு சொல்லிப்புடுவாரு."

அவனுடைய அப்பா துண்டைக் கக்கத்திலிருந்து எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். பேராசிரியர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். இடம் யாருக்கு என்று அதற்கு மேல் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பஸ்ஸுக்கு நடக்கும்போது பேராசிரியரைக் கொஞ்சம் முன்னால் போகவிட்டு, "நான் தெரிஞ்சு செய்யலடா" என்றேன்.

"தெரியுங்க" என்றான். "நான் ஃபர்ஸ்ட் வந்தப்பல்லாம் மொத ஆளா வந்து கையக் குலுக்குவீங்க. அப்பவும் இதே புருவந்தாங்க. ரெண்டு வருஷமாப் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்."

பஸ் கூட்டமாக வந்தது. அவன் ஓடிப்போய்த் தோளில் கிடந்த துண்டை ஜன்னல் வழியாக உள்ளே போட்டு இடம் பிடித்தான், மூன்று பேருக்கும். எனக்கு ஜன்னல் ஓரம். உட்கார்ந்ததும் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டேன், அவன் பார்க்காமல் இருக்கட்டும் என்று. அவன் அப்படி இடம் பிடித்துக் கொடுத்ததற்கும் எனக்கு வயிறு எரிந்தது.