ஒன்பது பத்துக்கு ஏறிய சர்க்கரை

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு ஐம்பத்து நான்கு வயது. அடுத்தவர் ஓட்டும் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே இருபத்தாறு வருடம் பிழைத்தவர். அவர் கால் மட்டும் இல்லையென்றால் ஊரில் பாதி மின்கம்பங்கள் சாய்ந்திருக்கும்.

சர்க்கரை நோய் வந்து ஒன்பது வருடம். மாத்திரையை ஒழுங்காகப் போடுவார். க்ரீம் பன்னையும் ஒழுங்காகச் சாப்பிடுவார். பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முந்தின மூன்று நாள் மட்டும் பத்தியம். டாக்டர் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைப் பார்த்து அந்த வேஷத்தைக் கலைத்தார். மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரை எழுதிக் கொடுத்தார். பொத்தானைவிடச் சற்றுப் பெரிய வட்டம். சர்க்கரை அளவை, ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறியோடு, நிமிடத்துக்கு நிமிடம் போனுக்கு அனுப்பும். வெளியூரில் இருக்கும் மகள் அதைத் தன் போனிலும், அம்மா போனிலும், தன் கணவர் போனிலும் வருகிற மாதிரி செய்துவிட்டாள்.

அதோடு மாஸ்டரின் தனி வாழ்க்கை முடிந்தது. பன்னைத் தின்று அரை மணிக்குள் மனைவியின் போன் வரும். முகம் பார்த்துப் பேசவே கூசுகிற மாப்பிள்ளை, "மாமா, அம்பு மேல பாக்குது" என்று மெசேஜ் அனுப்புவார். பத்தே நாளில் மாஸ்டர் பன்னை விட்டார். திருந்தி அல்ல, மானத்துக்குப் பயந்து.

ஆனாலும் தினமும் காலை ஒன்பது பத்துக்குப் போனில் சர்க்கரைக் கோடு ஏறியது.

"அப்பா, உண்மைய சொல்லுங்க. என்ன சாப்பிட்டீங்க?" ஸ்பீக்கர் போனில் மகள்.

"ஒண்ணுமே சாப்பிடலம்மா. வண்டி பழக வர்ற பல் டாக்டரம்மா ரவுண்டானாவுல வண்டிய திருப்புறாங்க. எதிர்ல லாரி."

"லாரிய பாத்தா சர்க்கரை ஏறுமா? அம்மா, நீ கூடவே போய்ப் பாரு."

மறுநாள் மனைவி பின் சீட்டில் ஏறினாள், போனும் கையுமாக. ரவுண்டானா வந்தது. பல் டாக்டர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். லாரிக்கு ஒரு முழம் முன்னால் மாஸ்டரின் கால் வண்டியை நிறுத்தியது. கால் மணி கழித்து மனைவியின் போன் கூவியது. நூற்றுப் பதினெட்டில் இருந்த சர்க்கரை நூற்று எழுபத்து நான்கு. அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"சும்மா ஏசில உக்காந்துட்டு வரீங்கன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்," என்றாள்.

பதற்றத்திலும் சர்க்கரை ஏறும் என்று டாக்டரும் சொன்னார். மாஸ்டர் அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டார். மறுவாரமே ஒரு பன்னைத் தின்றுவிட்டு, "லாரி" என்றார். மனைவி நேரே டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் போட்டாள். அன்று அவருக்கு வகுப்பே இல்லை. அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிட நடை, அவளும் கூடவே.

அடுத்த மூன்று மாதச் சராசரி ஒன்பதரை சதவீதத்திலிருந்து ஏழுக்கு இறங்கியது. தன் ஏற்பாடு என்றாள் மகள். தன் மெசேஜ் என்றார் மாப்பிள்ளை. தன் மருந்து என்றார் டாக்டர். வாயைக் கட்டியவரை யாரும் பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. மனைவி மட்டும் மதிய நடைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் காத்து நின்றாள்.