இன்ஜினை மறைத்த பெண்

ஸ்லைகோ ரயில் நிலையத்தில் பத்தொன்பது வயதில் பெட்டி கழுவ ஆரம்பித்த அட்ராக்டா, முப்பத்தைந்து வருடம் கழித்து வாளியைக் கீழே வைத்தபோது, இனி ரயிலைக் கண்ணாலும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். டப்ளினுக்குப் போவதென்றாலும் பஸ்தான். அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாதாகோயில் கூடத்தில், பழைய டீசல் ரயில் வீடியோ பார்க்க வந்த முப்பது ஆண்களுக்கு நடுவே ஒரே பொம்பளையாக உட்கார்ந்திருந்தாள். காரணம் டிம்ப்னா.

டிம்ப்னா அவளோடு பதினோரு வருடம் அதே பிளாட்பாரத்தில் துடைப்பம் பிடித்தவள். தொண்ணூறாம் வருடம் மார்பில் கட்டி வந்து நாலே மாதத்தில் போய்விட்டாள். மகள் ஊனாவுக்கு அப்போது இரண்டு வயது. சித்தி வீட்டில் வளர்ந்த பிள்ளை, இப்போது ஆஸ்திரேலியாவில் நர்ஸ். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போன் பண்ணும். போன கிறிஸ்துமஸில் கேட்டது: "அத்தை, எங்கம்மா எப்படிப் பேசும்? நீ கொஞ்சம் பேசிக் காட்டேன்."

அட்ராக்டா முயன்றாள். "கரகரன்னு இருக்கும்டி. சிரிச்சா இருமல் வந்துரும்." அதற்கு மேல் வரவில்லை. போனை வைத்த பிறகு அடுப்பங்கரையில் நின்று தனக்குத்தானே பேசிப் பார்த்தாள். எல்லாம் தன் குரலாகவே இருந்தது.

பிறகுதான் மருந்துக் கடைக் கண்ணாடியில் அந்த அறிவிப்பைப் பார்த்தாள். 'ஸ்லைகோ நிலையம், 1988. இதுவரை யாரும் காணாத வீடியோ.' உடனே ஞாபகம் வந்தது. ரொட்டி டப்பா அளவுக்கு ஒரு கேமராவைத் தோளில் சுமந்துகொண்டு பிளாட்பாரத்தில் திரிந்த ஆள். அவனோடு டிம்ப்னா வாயாடியது. என்ன சொன்னாள் என்பது மட்டும் மறந்து போயிருந்தது.

அந்த ஆள் கானிஸ். அன்றைக்கு போஸ்ட் ஆபீஸ் குமாஸ்தா, இன்றைக்கு பென்ஷன்காரர், ரயில் ரசிகர் சங்கத்தின் செயலாளர். விளக்கை அணைப்பதற்கு முன் எழுந்து நின்று, "வழக்கம்போல, இன்ஜின் சத்தம் கேக்குறப்போ யாரும் பேசாதீங்க" என்றார். பூசைக்கு முன் பாதிரியார் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

திரையில் ஆரஞ்சும் கறுப்புமாக இன்ஜின் வந்தது. கறுகறுவென்று புகை கக்கியது. முப்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். அட்ராக்டா இருமினாள். முன்வரிசையிலிருந்து இரண்டு பேர் திரும்பி "ஷ்ஷ்" என்றார்கள்.

பக்கத்தில் இருந்த ரெட்மண்ட் என்ற கிழவர் கண்ணை மூடிக்கொண்டு, "நூத்தி நாப்பத்தேழாம் நம்பர் இன்ஜின். சத்தத்துலயே சொல்லிருவேன்" என்று முணுமுணுத்தார். பிறகு அவள் காதருகே சாய்ந்து, "அந்த டீசல் வாசனைய மட்டும் ஒரு புட்டியில அடைச்சுக் குடுத்தான்னா, தினம் ராத்திரி மோந்துட்டுதான் படுப்பேன்மா" என்றார்.

அட்ராக்டா நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அந்த வாசனை அவள் தலைமுடியில் முப்பத்தைந்து வருடம் குடியிருந்தது. வினிகர் போட்டுக் கழுவினாலும் தலையணையில் இருக்கும், பிசைந்த ரொட்டி மாவிலும் இருக்கும். கல்யாணமான புதிதில் புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்ததும் அதனால்தான். இவர்கள் பார்த்துச் சொக்கும் இதே பெட்டிகளில் கால்பந்துக் கோப்பை ஆட்டம் பார்த்துத் திரும்பியவர்கள் எடுத்த வாந்தியை அவள் கத்தியால் சுரண்டியிருக்கிறாள். கக்கூஸின் குழாய் நேராகத் தண்டவாளத்தில் திறக்கும். பனிக்காலத்தில் அது உறைந்து அடைத்துக்கொண்டால் வெந்நீரும் குச்சியும் எடுத்துக்கொண்டு போக வேண்டியது அவளும் டிம்ப்னாவும்தான். இருக்கைக்கு அடியில் ஒட்டிய சூயிங்கம், சாம்பல் கிண்ணத்தில் முட்டை சாண்ட்விச், ஜன்னல் விளிம்பில் விரல் கனத்துக்குக் கரி. திரையில் ஜன்னல்கள் பளபளத்தன. அடடா, என்ன பளபளப்பு என்று யாரோ சொன்னார்கள். தானாகவே பளபளத்ததாக நினைத்துவிட்டார்கள் போல.

அவள் காத்திருந்தாள். இன்ஜின் வந்தது, நின்றது, கழற்றினார்கள், மறுபக்கம் மாட்டினார்கள், போயிற்று. கைதட்டினார்கள். விளக்கு எரிந்தது.

டிம்ப்னா வரவேயில்லை.

டீயும் பன்றிக்கறி சாண்ட்விச்சும் வைத்திருந்த மேஜைக்குப் போய்க் கானிஸைப் பிடித்தாள்.

"அன்னைக்கு ரெண்டு பேர் ஜன்னல் தொடைச்சுக்கிட்டு இருந்தோமே. அது எங்க போச்சு?"

கானிஸ் பெருமையாகச் சிரித்தார். "அதையெல்லாம் வெட்டிட்டேங்க. துப்புரவுக்காரங்க குறுக்க வந்து கத்துனதுல சத்தம் வீணாப் போச்சு. வேற கேசட்டுலேருந்து இன்ஜின் சத்தத்த எடுத்து மேல ஒட்டியிருக்கேன். தெரியவே இல்லல்ல?"

"குறுக்க வந்த துப்புரவுக்காரி நான்தான்."

"அட!" என்றார் அவர். அந்த 'அட'வில் வெட்கம் ஒரு துளி இல்லை. "அசல் கேசட்டு இங்கதான் இருக்கு. பூஞ்சை புடிச்சுப் போச்சு. திங்கக்கிழமை மத்ததோட சேத்துக் குப்பைக்குப் போகுது. பாக்குறீங்களா?"

உறுப்பினர்கள் கொண்டுவரும் கேசட்டுகளுக்காகப் பழைய பிளேயர் ஒன்று மேஜையில் இருந்தது. கானிஸ் கேசட்டைச் செருகினார். படம் பெரிய திரையிலேயே வந்தது. கையில் கோப்பையோடு நின்றவர்கள் பாதி பேர் பார்த்தார்கள், பாதி பேர் சாண்ட்விச்சைப் பார்த்தார்கள்.

கோடு கோடாக நடுங்கியது. பிறகு பிளாட்பாரம். நீல மேலங்கியில், ஐந்து மாத வயிற்றோடு, வாளியும் துடைப்பமுமாக டிம்ப்னா.

"ஏம்மா, தள்ளிக்கம்மா! இன்ஜின மறைக்கிற!" இளவயதுக் கானிஸின் குரல்.

டிம்ப்னா திரும்பினாள். "இன்ஜின என்னத்துக்குப் புடிக்கிற, ராசா? உள்ள வந்து கக்கூசப் புடி. நேத்து ஆட்டத்துல தோத்த மொத்தப் பேரும் அதுக்குள்ளதான் கெடக்கான்." சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ஈரத் துடைப்பத்தைக் கேமராவுக்கு நேரே நீட்டினாள். "அடியே அட்ராக்டா, இங்க வாடி, நம்மள சினிமாவுல போடுறாங்க!"

அட்ராக்டா இருபத்தெட்டு வருடமாகக் கேட்காத, தன் வாயில் தேடியும் கிடைக்காத குரல். கரகரப்பு என்று ஊனாவிடம் சொன்னது தப்பு. கரகரப்புக்கு அடியில் ஒரு பாட்டு மாதிரி ஏதோ இருந்தது.

"நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினார் ரெட்மண்ட். கோப்பையிலிருந்து டீ சிந்தியது. "பின்னாடி பாருங்கடா! அந்தப் பொம்பளைக்குப் பின்னாடி! கொதிகலன் வண்டி!"

கூடம் முழுக்கத் திரைக்கு முன் குவிந்துவிட்டது. பெட்டிகளுக்குச் சூடு கொடுக்க நீராவி கிளப்பும் பழைய வண்டி அது. அந்த வருடத்தில் அது ஸ்லைகோ பக்கம் ஓடவே இல்லை என்று ஒரு கட்சி இத்தனை காலம் சாதித்துக்கொண்டிருந்ததாம்.

"நம்பர் தெரியுதா?"

"முதல் எண் மூணு. மீதி தெரியல. அவ தலை மறைக்குது."

"கொஞ்சம் பின்னாடி ஓட்டு, கானிஸ். தலை நகருற எடத்துல நிறுத்து."

கானிஸ் ஓட்டினார். டிம்ப்னா பின்னோக்கி இருமினாள், பின்னோக்கிச் சிரித்தாள். பாதி திறந்த வாயோடு அவளை நிறுத்திவைத்துவிட்டு, அவள் காதோரத்தில் தெரிந்த துருப்பிடித்த இரும்பைப் பார்க்க மூன்று பேர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். ஒருவன் திரையருகே போய் அவள் கன்னத்தின் மேல் விரலை வைத்து, "இந்தச் சனியன் மட்டும் ஒரு அடி தள்ளி நின்னிருந்தா!" என்றான்.

வாந்தியைச் சுரண்டிய நாட்களில்கூட அட்ராக்டாவுக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. வாந்தி குடிகாரனுடையது, போதையில் தெரியாமல் எடுத்தது. இவர்கள் டீ மட்டுமே குடித்திருந்தார்கள்.

பிளேயரின் பொத்தானை அழுத்தினாள். திரை நீலமானது. பிளேயர் வெளியே தள்ளிய கேசட்டை எடுத்துக் கைப்பையில் போட்டாள்.

"ஐயோ, அக்கா, அது சங்கத்துக்கு வேணும்!" கானிஸ் கைகளை விரித்துக்கொண்டு குறுக்கே வந்தார். "வரலாற்று ஆதாரம் அது. உங்க பிரெண்டு பேசுற துண்ட நான் தனியா வெட்டிச் சுத்தம் பண்ணித் தர்றேன். அந்தக் கக்கூஸ் பேச்சையும் எடுத்துர்றேன், கேக்குறதுக்கு நல்லா இருக்கும்."

"அந்தப் பேச்சுல ஒரு எழுத்து கொறையக் கூடாது. இது குப்பைக்குப் போக இருந்ததுதானே? நான் குப்பை அள்ளுறவ. அள்ளிட்டுப் போறேன். தள்ளு, வழிய மறைக்கிற."

கானிஸ் நகர்ந்தார். வாசல்வரை ரெட்மண்ட் மட்டும் பின்னாலேயே ஓடி வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், குரல் தழைந்திருந்தது.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்க அந்த வண்டியக் கழுவியிருப்பீங்கல்ல? அதோட நம்பர் ஞாபகம் இருக்கா?"

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த எண்ணின் மேல் படிந்த கரியைத் தேய்த்தவள் அவள்.

"இருக்கு" என்று சொல்லிவிட்டு, கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள்.