சுவரு பசிக்குது

திருமூர்த்தி கதைத் தாள்களை இரண்டாவது முறை புரட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் கதை திரும்பி வரும் என்று கிளாடிஸுக்குத் தெரியும்.

"கதை நல்லாத்தானுங்க இருக்குது. மலைக்குள்ள ஒரு நாடு, பாறையில பொறந்த சனம், எல்லாஞ் செரி. ஆனா பாருங்க, உங்க பாறை மனுசன் வாயத் தொறந்தா ஆர்.எஸ்.புரத்துல பட்டுப்புடவைக் கடை வெச்சிருக்கறவராட்டப் பேசறாரு. வேற உலகம்னா பேச்சும் வேற தினுசா இருக்க வேண்டாமுங்களா?"

'குட்டித்தேர்' என்ற சிறுவர் மாத இதழுக்கு ஆசிரியர், பிழை திருத்துபவர், கட்டுக்கட்டித் தபாலில் சேர்ப்பவர் எல்லாம் அவரேதான். கிளாடிஸ் அதில் 'மலர்க்கொடி' என்ற பெயரில் வெகுகாலமாக எழுதிக்கொண்டிருந்தாள். போத்தனூர் ரயில்வே குடியிருப்பில் பிறந்து, கான்வென்டில் படித்து, இன்னாசிமுத்து என்ற பஸ் கண்டக்டருக்கு வாழ்க்கைப்பட்டு புலியகுளம் வந்தவள். பிள்ளை இல்லை. கோயிலுக்குப் போகிற நேரம், சமையல் நேரம் போக மீதி நேரத்தில் யாருக்கோ பிறந்த பிள்ளைகளுக்குக் கதை எழுதினாள். புனைபெயர் இன்னாசிமுத்து வைத்தது. "கிளாடிஸ்னு போட்டா வெள்ளக்காரின்னு நெனச்சு எவனும் படிக்கமாட்டான் அம்மணி" என்றார் அன்றைக்கு.

அது அவர் பேசிக்கொண்டிருந்த காலம். அந்தியூர் ரூட்டில் அவர் வாய்க்காகவே பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த நடைக்குக் காத்திருக்கிறவர்கள் உண்டு. ஆடி மாதம் குதிரைச் சந்தைக்குக் கூட்டம் நெரியும்போது, ஆட்டுக்குட்டியோடு ஏறினவரைப் பார்த்து, "ஏனுங்க, உங்க தம்பிக்கு சன்னலோரம் வேணும்னா அவரையே கேக்கச் சொல்லுங்க" என்பார். பஸ்ஸே சிரிக்கும். தொண்ணூற்றைந்து கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒரு விடியற்காலை அந்த வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலது கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சுத்தான் திரும்புகிற வழியில் எங்கெங்கோ இறங்கிக்கொண்டது.

பேசுவார், ஆனால் நினைத்த வார்த்தை வராது. வேறொன்று வந்து நிற்கும். ஃபேனைக் காட்டி "மாட்டைப் போடு" என்பார். காப்பி பாலமாயிற்று. எதுவுமே கிடைக்காதபோது "கிடுங்கா" என்று ஒரு வார்த்தை வரும், எங்கிருந்து வந்ததோ. "அந்தக் கிடுங்காவ எடு" என்று சொல்லிவிட்டு, அது இல்லையென்று அவருக்கே தெரிந்து தொடையில் அடித்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த சாயிரா பானு கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "தப்பாச் சொன்னா அப்படியே விட்டுராதீங்கம்மா. மொத எழுத்த எடுத்துக் குடுங்க. மிச்சத்த அவரே புடிச்சுக்குவாரு. நீங்க விட்டீங்கன்னா தப்பே பழகிப்போயிரும்."

கிளாடிஸ் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள், திருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றுகிற வரைக்கும்.

வீட்டுக்கு வந்து பாறை மனிதர்களுக்குப் பேச்சு செய்ய உட்கார்ந்தாள். வார்த்தைகளைத் திருப்பிப்போட்டுப் பார்த்தாள். எழுத்துக்கு எழுத்து நடுவில் 'க' சேர்த்துப் பார்த்தாள். எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாத்தியாருக்குத் தெரியாமல் பேசுகிற மாதிரி இருந்ததே தவிர, ஒரு சனம் பொழுதுக்கும் பேசித் தேய்த்த பேச்சாக இல்லை. அந்த மத்தியானம் இன்னாசிமுத்து சமையலறை வாசலில் வந்து நின்று வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னார்: "அம்மணி, சுவரு பசிக்குது."

'வயி' என்று எடுத்துக் கொடுக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. கொடுக்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு ஓடிப்போய் எழுதினாள். பாறையில் பிறந்த சனத்துக்குச் சுவர்தானே பசிக்கும்!

மலைக்கோட்டையின் வாசற்காவலன் மொட்டைப்பாறை அன்றைக்குத்தான் பிறந்தான். சுவர் பசிக்கிறவன், பாலம் குடிக்கிறவன், எதிரியை "போடா கிடுங்கா" என்று திட்டுகிறவன். திருமூர்த்தி படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்கீங்க புடிச்சீங்க இதையெல்லாம்?" என்றார். "சும்மா, தோணுச்சுங்க" என்றாள். பொய் சொன்ன வாய்க்கு அவர் தந்த டீ இனித்தது.

அதோடு விட்டிருந்தால்கூட மனசாட்சி கொஞ்ச நாளில் ஆறியிருக்கும். ஆனால் மாதா மாதம் மொட்டைப்பாறைக்குப் பேச்சு வேண்டுமே. கிளாடிஸ் கணவனைத் திருத்துவதை நிறுத்தினாள். பிறகு ஒரு படி மேலே போய், சும்மா இருக்கிறவரைக் கேட்க ஆரம்பித்தாள். "இது என்னங்க?" என்று பூட்டைக் காட்டுவாள். "அதோ அது?" என்று மதில்மேல் பூனையைக் காட்டுவாள். அவர் நெற்றி சுருங்கி, உதடு குவிந்து, தேடித் தேடி ஒன்றை எடுத்து நீட்டுவார். அது எவ்வளவு கோணலோ அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. அவர் அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டார். "அவ... திட்டுவா" என்று ஆஸ்பத்திரிப் பக்கம் கை காட்டிவிட்டு, "நீ... நீ திட்டல" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க வரிசையில் நின்றபோது அந்தப் பிடி கையில் இருந்துகொண்டே இருந்தது. பாதி வரிசையில் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். கால் வலி என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம்.

முழுப்பரீட்சை லீவு விட்டது. சாயங்காலம் சந்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதை இன்னாசிமுத்து கேட் ஓரம் நாற்காலி போட்டுப் பார்ப்பார். ஒருநாள் பந்தைத் தவற விட்ட பையனைப் பார்த்து எதிர்வீட்டு லோகப்பிரியா கத்தினாள்: "போடா கிடுங்கா!"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. பையன் மட்டையைத் தூக்கிப் போட்டான். "போங்கடி, எனக்குச் சுவரு பசிக்குது. நான் ஊட்டுக்குப் போறேன்."

இன்னாசிமுத்து எழுந்தார். நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போய் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. காப்பி வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டினார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் தலையாட்டி மறுத்தார். சாயிரா பானு ஆளனுப்பினாள்: இப்படிப் பேசாமல் இருந்துவிட்டால் திரும்பி வந்த பேச்சும் போய்விடும்.

ஊரே தன் வாயைப் பார்த்துச் சிரிக்கிறது என்று அவர் நினைக்கிறார். அப்படி இல்லை என்று சொல்லக்கூடியவள் இந்தப் பூமியில் ஒருத்திதான். அவள் என்ன செய்தாள்? கேட்டைத் திறந்துகொண்டு போய் லோகப்பிரியாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங் கண்ணு, ஒடம்புக்கு முடியாத பெரியவங்களக் கேலி பண்ணலாமா? இதான் உங்கம்மா சொல்லிக் குடுத்ததா?"

சொல்லும்போதே நாக்கு கூசியது. பத்து வயதுப் பிள்ளை திகைத்துப் போயிற்று. "நாங்க மாமாவ ஒண்ணுமே சொல்லலீங்க அத்தை!"

"கிடுங்கான்னு சொன்னியே?"

"அது மொட்டைப்பாறைங்க! குட்டித்தேர்ல வாரானுங்க. எங்க கிளாஸ்ல எல்லாரும் அப்படித்தான் பேசுவோம்." கண்ணில் தண்ணீர் முட்ட வீட்டுக்குள் ஓடிப் புத்தகத்தோடு வந்தாள். "பாருங்க அத்தை. சத்தியமாப் பாருங்க."

பின்னால் கால் இழுபடும் சத்தம். இன்னாசிமுத்து வாசற்படியில் நின்றிருந்தார். இடது கையை நீட்டிப் படி என்பதுபோல ஆட்டினார். கிளாடிஸ் வேண்டாமென்று சொல்ல ஒரு காரணம் தேடினாள், கிடைக்கவில்லை.

லோகப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள். முதலில் மெதுவாக. பிறகு உற்சாகம் வந்து எழுந்து நின்று, காவலன் மாதிரியே வயிற்றைத் தள்ளிக்கொண்டு, "யாரங்கே? வெக்கை தாங்கலே. மாட்டைப் போடு!" என்றாள். இன்னாசிமுத்து சிரித்துவிட்டார். பஸ்ஸில் சிரித்த சிரிப்பு. இன்னும் படி என்று கையாட்டினார். அடுத்த வரியில் பாலம் வந்தது. அதற்கடுத்த வரியில் பூனை வந்தது, மதில்மேல் இருந்த பூனை, போன மாதம் அவர் தேடித் தேடி எடுத்துக் கொடுத்த பெயரோடு.

சிரிப்பு நின்றது. அவர் புத்தகத்தை வாங்கிக் கதைத் தலைப்பின் கீழே விரலை வைத்தார். மலர்க்கொடி. அவர் வைத்த பெயர்.

"மாமாவுக்குப் புடிச்சிருக்குதுங்களா?" என்றாள் பிள்ளை. அவர் அதன் தலையைத் தடவி அனுப்பிவிட்டார். பிறகு படத்தில் இருந்த காவலனைத் தொட்டுக் கிளாடிஸைப் பார்த்தார். "இவன்... ராசாவா?"

"இல்லீங்க." அவளால் நிமிர முடியவில்லை. "கோமாளி."

அவர் புத்தகத்தை மடித்து அவளிடமே கொடுத்தார்.

"எழுதாத."

நோய் வந்த பிறகு, யாரும் முதல் எழுத்து எடுத்துக் கொடுக்காமல், தேடாமல், திக்காமல், ஒரு சொல்கூட மாறாமல் அவர் சொல்லி முடித்த முதல் பேச்சு அதுதான். கிளாடிஸ் அந்த இடத்திலேயே அழுதாள். அவர் தேற்றவுமில்லை, திட்டவுமில்லை.

மொட்டைப்பாறையை மலையின் அடியாழத்துச் சுரங்கத்துக்குக் காவலுக்கு அனுப்பிவிட்டாள். அவன் எப்போது திரும்புவான் என்று பிள்ளைகள் கார்டு போட்டுக் கேட்டார்கள். "எப்பேர்ப்பட்ட ஆளுங்க, கொன்னுபோட்டீங்களே" என்று திருமூர்த்தி அங்கலாய்த்தார். பாறைச் சனம் மறுபடியும் பட்டுப்புடவைக் கடைக்காரர்களாகப் பேசி, மழைக்காலத்தோடு கதை முடிந்தது.

இன்னாசிமுத்து ஆஸ்பத்திரிக்குப் போக ஒப்புக்கொண்டார். வீட்டிலும் பேசினார். ஆனால் வாயைத் திறக்குமுன் ஒரு தடவை அவள் கையைப் பார்ப்பார், பேனா இருக்கிறதா என்று. அவர் வருகிற சத்தம் கேட்டால் கிளாடிஸ் ஊற வைத்த அரிசியில் கையை விட்டுக்கொள்வாள், இல்லாவிட்டால் சும்மாவாவது ஒரு பாத்திரத்தைக் கழுவுவாள். ஈரக் கையைக் கண்டால் அவர் முகம் சற்றுத் தளரும்.

அடுத்த வருஷம் ஒரு மழை நாள். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கூடத்திலிருந்து அவளைக் கூப்பிட்டார். அம்மணி என்று வரவில்லை, கிளாடிஸ் என்றும் வரவில்லை. வேறொன்று வந்தது. அப்படி ஒரு பெயரை அவள் எழுதிய எந்த உலகத்திலும் யாரும் யாருக்கும் வைத்ததில்லை. கத்தி நின்றது. விரல்கள் ஒருகணம் பேனாவைத் தேடின.

"கிளா..." என்று எடுத்துக் கொடுத்தாள்.

"கிளா... கிளாடிஸ்" என்று பிடித்துக்கொண்டார் அவர்.

"வாரேனுங்க."

முதலில் அவர் கூப்பிட்ட அந்தப் பெயரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அது இங்கேயும் இல்லை.