மூச்சை அடக்கிய ஸ்கேன்காரர்

நெஞ்சுவலி என்று சென்னைக்குப் போனபோது எனக்கு இதய ஸ்கேன் எடுத்தவர் ஒல்லியான மனிதர், கன்னம் ஒட்டியவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மைக்கில் "மூச்சை அடக்குங்க" என்று சொல்லும்போதெல்லாம் தானும் அடக்கிக்கொள்வார்.

எங்கள் ஊர் லைட்ஹவுஸ் குப்பத்தில், கடலடியில் கல்லில் மாட்டிய வலையை முங்கித்தான் எடுப்போம். அந்தப் பழக்கத்தில் நானும் அடக்கினேன். பயத்தில், அவர் விடச் சொன்னது காதிலேயே விழவில்லை. ஓடி வந்தார்.

"அண்ணாத்த, மூச்ச வுடு! படம் எடுத்தாச்சு. இன்னா, கடலுக்குள்ளயா கீற?"

"அடைப்பு கீதா சார்?"

"ரத்தக்குழாய ஒவ்வொண்ணா அளக்கணும். டாக்டர் சொல்வாரு."

"நீங்க அளந்தாத்தானே அவரு சொல்வாரு?"

சிரித்துவிட்டுப் போனார். சட்டையை மாட்டிக்கொண்டே கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சந்தையில் மீனைப் புரட்டிப் பார்ப்பதுபோல, திரையில் என் இதயத்தை எல்லாப் பக்கமும் திருப்பினார். ஒரு குழாயில் நிறுத்தி, குறுக்கே கோடு போட்டு அளந்தார். அதே இடத்தை மறுபடியும் அளந்தார். அவர் மார்பு அசையவே இல்லை.

கொஞ்சம்தான் அடைப்பு, மாத்திரை போதும் என்றார் டாக்டர். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். எனக்குத்தான் வலை இழுக்கும்போதும் அதே நினைப்பு. படம் எடுத்து முடிந்த பிறகு அந்த மனிதர் எதற்காக மூச்சை அடக்கினார்?